கண்ட்ரோல் பிட் வழியாக ஸ்லாம்: டூப்ளிகேட் பிரிட்ஜுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மதுரையில் ரம்மியும் 304-உம் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஒரே கைகளைப் பல மேஜைகளில் ஆடி ஸ்கோரை ஒப்பிடும் டூப்ளிகேட் பிரிட்ஜ் ஆடுகிறவர்கள் குறைவு. அதிலும் கண்ட்ரோல் பிட்டை (ஒரு சூட்டை எதிராளி ஓட்டிவிடாதபடி நம்மிடம் தடுப்பு இருக்கிறது என்று ஏலத்தில் காட்டும் பிட்) உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். ஒருவர் ஒரு மாதிரி சொல்வார், அடுத்தவர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார், ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினால் அது மூன்றாவதாக ஒன்று சொல்லும். நானும் என் பார்ட்னரும் இப்படிப் பல மாதம் அல்லாடித்தான் ஒரு ஒழுங்குக்கு வந்தோம். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஓப்பனிங் பிட், கேம் (போனஸ் கிடைக்கும் மட்டம், ஸ்பேடில் 4) வரை போகும் வழி, பிளாக்வுட் (4 நோ ட்ரம்ப் சொல்லி ஏஸ் எத்தனை என்று கேட்பது) இவ்வளவும் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அது இன்னும் பிடிபடவில்லை என்றால் ஒரு ஆறு மாதம் ஆடிவிட்டு வாருங்கள். ஸ்லாம் எங்கும் போய்விடாது.

1. முதலில் விலையைப் பாருங்கள்

ஸ்லாம் என்றால் 6 மட்டத்தில் பிட் செய்து 12 ட்ரிக் எடுப்பது. கிராண்ட் ஸ்லாம் 7 மட்டம், 13 ட்ரிக்கும் நமக்கு. 12 ட்ரிக் எடுத்தாலும் 4 ஸ்பேடில் நின்றிருந்தால் ஸ்லாம் போனஸ் கிடையாது. கணக்கு இப்படி:

வல்னரபிள் (போனஸும் தண்டனையும் கூடும் நிலை) இல்லாதபோது 4 ஸ்பேடில் 12 ட்ரிக் எடுத்தால் 480, 6 ஸ்பேடு கேட்டு எடுத்தால் 980. வல்னரபிளில் அதே கை 680, 1430.

டீம் போட்டியில் இந்த வித்தியாசம் ஐ.எம்.பி. என்ற டீம் புள்ளியாக மாறும். 500 புள்ளி வித்தியாசம் 11 ஐ.எம்.பி., 750 என்றால் 13. எதிரணியினர் மற்ற மேஜையில் 4 ஸ்பேடில் நின்று 11 ட்ரிக் எடுத்து, நீங்கள் 6 கேட்டு ஒரு ட்ரிக் குறைந்தாலும் இழப்பு அதே 11 அல்லது 13தான். ஆகவே சின்ன ஸ்லாம் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தாலே கேட்கலாம். கிராண்ட் ஸ்லாம் அப்படி இல்லை. ஜெயித்தால் 11 அல்லது 13 கூடும், தோற்றால் 14 அல்லது 17 போகும். நூற்றுக்கு 56, 57 வாய்ப்பு வேண்டும். புதிதாக ஆடுகிறவர்கள் எழுபதுக்கு மேல் இருந்தால் மட்டும் 7 பக்கம் போங்கள் என்பேன், ஏனென்றால் எதிர் மேஜையில் 6-கூடக் கேட்காமல் விட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

யாரும் சொல்லாத இன்னொரு விலை 5 மட்டத்தில் இருக்கிறது. 4 ஸ்பேடு பத்திரமாக வரும் கையில் ஸ்லாமைத் தேடி 5 ஸ்பேடில் போய் ஒன்று குறைந்தால், வல்னரபிளில் 620 வரவேண்டிய இடத்தில் 100 கொடுக்கிறீர்கள். 12 ஐ.எம்.பி. போச்சு. கேம் மட்டத்துக்குக் கீழேயே தேடலை முடித்துக்கொள்ளத்தான் கண்ட்ரோல் பிட்.

2. பார்ட்னரோடு ஒரு தாள் எழுதுங்கள்

ஆவணம் என்று பார்த்தால் இரண்டு. போட்டியில் எதிராளிகள் பார்ப்பதற்கான சிஸ்டம் கார்டு ஒன்று. நீங்கள் இருவர் மட்டும் வைத்துக்கொள்ளும் ஒப்பந்தத் தாள் இன்னொன்று. கார்டில் ஸ்லாம் பகுதிக்குக் கொஞ்சம் இடம்தான் இருக்கும், அதை நம்பி உட்கார முடியாது. ஒரு வெள்ளைத் தாள், அரை மணி நேரம், அவ்வளவுதான் தேவை. கீழே உள்ள கேள்விகளுக்கு இருவரும் ஒரே பதிலை எழுதுங்கள்:

- முதல் கண்ட்ரோல் பிட் ஏஸ் அல்லது வாய்டை (சூட்டில் சீட்டே இல்லாதது) மட்டும் காட்டுமா, கிங், சிங்கிள்டனையும் (ஒற்றைச் சீட்டு) சேர்த்துக் காட்டுமா?
- துருப்பு முடிவானதும் வரும் 3 நோ ட்ரம்ப் என்ன அர்த்தம்?
- 4 நோ ட்ரம்புக்குப் பதில் 1430 முறையா, 3014 முறையா (முதல் இரண்டு பதில்களின் அர்த்தம் இவற்றில் இடம் மாறும்)?
- கண்ட்ரோல் பிட்டை எதிராளி டபிள் செய்தால் பாஸ் என்ன, ரீடபிள் என்ன?
- நேராக 4 கிளப்ஸ் எந்த இடத்தில் கண்ட்ரோல், எந்த இடத்தில் ஸ்பிளிண்டர் (துருப்புக்கு ஆதரவோடு, தாவிச் சொன்ன சூட்டில் சீட்டுக் குறைவு என்று காட்டுவது), எந்த இடத்தில் ஏஸ் கேட்கும் ஜெர்பர்?

கடைசிக் கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள். புதிய ஜோடிகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் 4 கிளப்ஸில்தான். எங்கள் தாளில் ஒரே வரி: நோ ட்ரம்பில் ஓப்பன் செய்த கைக்கு நேராகத் தாவினால் மட்டும் ஜெர்பர்.

தாளை ஆட்டத்தின்போது எடுத்துப் பார்க்க முடியாது. பிட்டிங் தொடங்கியதும் உங்கள் சொந்த கார்டையோ குறிப்பையோ பார்ப்பது பொதுவாக விதிப்படி தவறு. மனப்பாடம் ஆகவேண்டும்.

3. துருப்பு முடிவானதா என்று உறுதி செய்யுங்கள்

கண்ட்ரோல் பிட்டுக்கு இரண்டு முன்நிபந்தனை. துருப்பு எது என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கேமுக்குக் கீழே நிற்கமாட்டோம் என்பது முடிவாகியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றால் புதிய சூட்டில் வரும் பிட் வெறும் இயல்பான பிட்தான்.

உதாரணத்துக்கு 1 ஸ்பேடு, அதற்கு 2 நோ ட்ரம்ப் என்ற ஜேகபி பதில். நாலு ஸ்பேடு இருக்கிறது, கேம் உறுதி என்று ஒரே அடியில் இரண்டையும் சொல்லிவிடுகிறது. பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. 1 ஸ்பேடுக்கு 2 ஸ்பேடு, அதற்கு மேல் 3 டைமண்ட் என்று வந்தால் அதைக் கேமுக்கான அழைப்பாகத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

4. வரிசையாகச் சொல்லுங்கள், தாண்டியதைக் கவனியுங்கள்

ஒரு சூட்டில் ஏஸ் இருந்தாலோ சீட்டே இல்லாவிட்டாலோ அது முதல் சுற்று கண்ட்ரோல். கிங் அல்லது ஒற்றைச் சீட்டு இருந்தால் இரண்டாம் சுற்று கண்ட்ரோல். பழைய முறையில் முதல் சுற்று கண்ட்ரோலை முதலில் காட்டிவிட்டு, இரண்டாம் சுற்றை அப்புறம் காட்டுவார்கள். இத்தாலிய முறையில் இரண்டையும் ஒன்றாக வைத்து, கீழிருந்து மேலாகச் சொல்லிப் போவார்கள். நீங்கள் இத்தாலிய முறையை எடுங்கள். சின்ன ஸ்லாமுக்கு ஒரு சூட்டில் முதல் இரண்டு ட்ரிக்கும் ஓடிவிடாமல் இருந்தால் போதும், அதற்கு கிங்கும் உதவும். ஏஸ் எத்தனை என்று எண்ணப் பின்னால் 4 நோ ட்ரம்ப் இருக்கிறது.

இந்த முறையின் உயிர், தாண்டிப்போன சூட்டில் இருக்கிறது. துருப்பு ஸ்பேடு. பார்ட்னர் 4 கிளப்ஸ் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, 4 டைமண்டுக்குப் போய்விட்டார். அப்படியென்றால் கிளப்ஸில் அவருக்கு ஏஸும் இல்லை, கிங்கும் இல்லை, சீட்டும் குறைவாக இல்லை. உங்களிடமும் கிளப்ஸில் இரண்டு பொடிச் சீட்டுதான் என்றால் 4 ஸ்பேடு சொல்லி நிறுத்துங்கள். எத்தனை புள்ளி கையில் இருந்தாலும் சரி.

இதிலிருந்து வரும் விதியைத் தாளின் மேலே பெரிதாக எழுதிவையுங்கள்: பார்ட்னர் மறுத்த சூட்டில் கண்ட்ரோல் இருந்தால் மட்டுமே அடுத்த கண்ட்ரோல் பிட்டோ 4 நோ ட்ரம்போ சொல்லலாம். மேலே சொன்ன 4 டைமண்டுக்கு நீங்கள் 4 ஹார்ட் சொன்னால், ஹார்ட்டோடு கிளப்ஸும் என்னிடம் இருக்கிறது என்று சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள்.

5. ஒரே கை, இரண்டு பார்ட்னர்கள்

நேரம் ஒதுக்கி, சீட்டை மேஜையில் பரப்பி இதைப் பாருங்கள். உங்கள் கை:

ஸ்பேடு: ஏஸ், கிங், 9, 8, 4
ஹார்ட்: 7, 2
டைமண்ட்: ஏஸ், கிங், 5
கிளப்ஸ்: கிங், குயின், 3

19 புள்ளி (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1). நீங்கள் 1 ஸ்பேடு, பார்ட்னர் 2 நோ ட்ரம்ப், நீங்கள் 3 ஸ்பேடு. ஜேகபியில் இந்த 3 ஸ்பேடு, 18-க்கு மேல் இருக்கிறது, சீட்டுக் குறைந்த சூட் எதுவும் இல்லை என்று அர்த்தம். முதல் பார்ட்னரின் கை:

ஸ்பேடு: குயின், ஜாக், 7, 3
ஹார்ட்: குயின், 8, 4
டைமண்ட்: குயின், ஜாக், 4
கிளப்ஸ்: ஏஸ், ஜாக், 5

13 புள்ளி. மொத்தம் 32. உடனே 4 நோ ட்ரம்ப் கேட்கத்தான் கை துறுதுறுக்கும். கேட்டால் என்ன வரும்? ஐந்து கீ கார்டில் (நான்கு ஏஸ், துருப்பு கிங்) நான்கு நம்மிடம், துருப்பு குயினும் நம்மிடம், ஒன்றே ஒன்றுதான் வெளியே. 6 ஸ்பேடு போவீர்கள். எதிராளி ஹார்ட் கிங், ஏஸ் என்று இரண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். பிளாக்வுட் பொய் சொல்லவில்லை, அது பதில் சொல்ல முடியாத கேள்வியை அதனிடம் கேட்டுவிட்டீர்கள்.

கண்ட்ரோல் பிட்டில் போனால்: பார்ட்னர் 4 கிளப்ஸ், நீங்கள் 4 டைமண்ட், பார்ட்னர் 4 ஸ்பேடு. ஹார்ட்டைத் தாண்டிவிட்டார். உங்களிடமும் 7, 2. பாஸ். 11 ட்ரிக், கேம்.

இப்போது இரண்டாவது பார்ட்னர்:

ஸ்பேடு: குயின், ஜாக், 7, 3
ஹார்ட்: ஏஸ், 8, 4
டைமண்ட்: குயின், 6, 4
கிளப்ஸ்: ஏஸ், 6, 5

இதுவும் 13 புள்ளிதான். 4 கிளப்ஸ், 4 டைமண்ட், இந்த முறை 4 ஹார்ட். இப்போது தைரியமாக 4 நோ ட்ரம்ப் கேளுங்கள். பதில் 5 ஸ்பேடு: இரண்டு கீ கார்டும் துருப்பு குயினும். ஐந்தும் வந்துவிட்டது. 5 நோ ட்ரம்ப் கேட்டு கிங் ஏதும் உண்டா என்று பாருங்கள். பார்ட்னர் 6 ஸ்பேடு சொன்னால் இல்லை என்று பொருள், ஹார்ட்டில் ஒன்று போகும், அங்கேயே நில்லுங்கள். ஸ்பேடில் 5, டைமண்டில் 3, கிளப்ஸில் 3, ஹார்ட் ஏஸ். எண்ணி 12.

இதில் முதல் கை மாதிரி ஒன்று எங்கள் மன்றத்தில் வந்தது. என் பார்ட்னர் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், வயதில் மூத்தவர். 4 ஸ்பேடு அட்டையை மேஜையில் வைத்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் பிட்டிங் பாக்ஸை நேராக்கிக்கொண்டிருந்தார். போர்டு முடிந்து ஸ்கோர் போட்ட பிறகுதான் பேசினார்: “தம்பி, ஹார்ட்டைத் தாண்டும்போது எனக்கே மனசு கேக்கல. ஆனா இல்லாததை இருக்குன்னு எப்படிச் சொல்றது?” பதின்மூன்று புள்ளியோடு உட்கார்ந்திருக்கும்போது அந்த 4 ஸ்பேடு சொல்வதற்குத்தான் அதிகக் கட்டுப்பாடு வேண்டும்.

6. 4 நோ ட்ரம்ப் எப்போது

எல்லா சூட்டிலும் இரண்டு ட்ரிக் ஓடாது என்று தெரிந்த பிறகு. 1430 முறையில் பதில்கள்: 5 கிளப்ஸ் என்றால் 1 அல்லது 4, 5 டைமண்ட் என்றால் 0 அல்லது 3, 5 ஹார்ட் என்றால் குயின் இல்லாமல் 2, 5 ஸ்பேடு என்றால் குயினோடு 2. நான்கு ஏஸும் துருப்பு கிங்கும்தான் ஐந்து கீ கார்டு.

கையில் வாய்டு இருந்தால் 4 நோ ட்ரம்ப் கேட்காதீர்கள். பார்ட்னர் காட்டும் ஏஸ் உங்கள் வாய்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் பயன் இல்லை, எந்த ஏஸ் என்று பதிலில் தெரியாது. அப்படிப்பட்ட கையில் கண்ட்ரோல் பிட்டையே தொடருங்கள். துருப்பு ஹார்ட் என்றால் இன்னொரு ஜாக்கிரதை: 5 ஸ்பேடு பதில் 5 ஹார்ட்டைத் தாண்டிவிடும். பதில் எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்பதற்கு முன்னாலேயே யோசியுங்கள்.

7. விழக்கூடிய குழிகள்

பார்ட்னரின் நீளமான சூட்டில் உங்களுக்கு ஒற்றைச் சீட்டு இருந்தால் அதைக் கண்ட்ரோலாகச் சொல்லாதீர்கள். பார்ட்னர் அங்கே ஏஸோ கிங்கோ இருக்கிறது, சூட் ஓடும் என்று எண்ணிக்கொள்வார். அவருடைய சூட்டில் நீங்கள் சொல்லும் கண்ட்ரோல் ஏஸாகவோ கிங்காகவோதான் இருக்க வேண்டும்.

டம்மியாக (மேஜையில் திறந்து வைக்கும் கை) இறங்கப்போகும் கையில் உள்ள கிங் பலவீனமானது. முதல் லீடே அதன் வழியாக வரும், பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் ஏஸ், குயின் இருந்தால் இரண்டு ட்ரிக் போய்விடும். கிங் டிக்ளேரர் (நம் பக்கம் ஆட்டத்தை ஆடுகிறவர்) கையில் இருந்தால் லீட் அதை நோக்கி வரும், பிழைக்கும். காகிதத்தில் இரண்டும் கண்ட்ரோல்தான், மேஜையில் ஒன்றல்ல.

நீங்கள் சொல்லும் ஒவ்வொரு கண்ட்ரோலும் எதிராளிக்கும் கேட்கிறது. எந்த சூட்டைத் தாண்டினீர்களோ அங்கேதான் லீட் வரும். 4 கிளப்ஸை அவர் டபிள் செய்தால் அது தன் பார்ட்னருக்கு கிளப்ஸ் போடச் சொல்வது. எங்கள் ஏற்பாட்டில் அப்போது ரீடபிள் என்றால் எனக்கு முதல் சுற்று கண்ட்ரோல் உண்டு, பாஸ் என்றால் அந்த சூட்டில் என்னிடம் ஒன்றும் இல்லை. கேமுக்கு மேல் போகும் எண்ணமே இல்லாத சாதாரணக் கையில் விவரம் சொல்லிக்கொண்டிருக்காமல் நேராக 4 ஸ்பேடு போய்விடுங்கள்.

கண்ட்ரோல் ட்ரிக் ஆகாது. எல்லா சூட்டிலும் தடுப்பு இருந்து, எண்ணிப் பார்த்தால் 10 ட்ரிக்தான் தேறுகிறது என்ற கைகள் நிறைய வரும். இரண்டும் சமமாகப் பரந்த கை என்றால் சேர்த்து 33 புள்ளி சுற்றி இருக்கவேண்டும். அதற்குக் குறைந்தால் நீளமான சூட்டோ வெட்டுவதற்கு வழியோ இருக்கிறதா பாருங்கள்.

எதிராளி பிட் செய்த சூட்டை நீங்கள் 2 மட்டத்தில் சொன்னால் அது கண்ட்ரோல் இல்லை, துருப்புக்கு ஆதரவோடு நல்ல கை என்று காட்டுவது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

ஸ்லாமில் எவ்வளவு ஆர்வம் என்று காட்டும் செயற்கை பிட்டுகளான சீரியஸ் 3 நோ ட்ரம்ப், லாஸ்ட் ட்ரெயின் இரண்டையும் முதல் வருடம் தொடாதீர்கள். நல்ல கருவிகள்தான். ஆனால் ஹார்ட் துருப்பில் 4 டைமண்ட் என்பது டைமண்ட் கண்ட்ரோலா, வெறும் ஊக்கமா என்று நடு ஆட்டத்தில் ஒருவருக்கொருவர் சந்தேகம் வந்தால் அந்தப் போர்டோடு அடுத்த போர்டும் கெடும்.

8. மேஜையில் நேரமும் நடத்தையும்

மன்றங்களில் ஒரு போர்டுக்கு ஏறக்குறைய ஏழரை நிமிடம் கொடுப்பார்கள். ஸ்லாம் பிட்டிங் அதில் இரண்டு மூன்று நிமிடம் தின்றுவிடும். யோசிக்க வேண்டியதை முதல் பிட்டிலேயே யோசித்துவிடுங்கள்.

இது நேரத்துக்காக மட்டும் சொல்வதில்லை. பார்ட்னர் நீண்ட நேரம் தயங்கிவிட்டு 4 ஸ்பேடு வைத்தால், அவரிடம் கூடுதலாக ஏதோ இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்தத் தயக்கத்தைப் பயன்படுத்தி மேலே போகக் கூடாது. எதிராளி டைரக்டரை அழைத்தால் ஸ்கோரை மாற்றி எழுத அவருக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் எப்படியும் போகக்கூடிய கை என்றால் போகலாம், சந்தேகம் இருந்தால் பாஸ்.

அலர்ட் (பார்ட்னரின் பிட்டுக்குத் தனி அர்த்தம் உண்டு என்று எதிராளிக்குத் தெரிவிப்பது) விஷயத்தில், உலக பிரிட்ஜ் கூட்டமைப்பின் கொள்கைப்படி ஸ்கிரீன் (பார்ட்னர்களுக்கு இடையே வைக்கும் திரை) இல்லாத மேஜையில் 4 மட்டத்துக்கும் அதற்கு மேலும் வரும் பிட்டுகளை, முதல் சுற்றில் வருவதைத் தவிர, அலர்ட் செய்வதில்லை. ஜேகபி 2 நோ ட்ரம்பை அலர்ட் செய்ய வேண்டும். உள்ளூரில் வேறு ஏற்பாடு இருக்கக்கூடும், ஆட்டம் தொடங்கும் முன் டைரக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்லைனில் பிரிட்ஜ் பேஸ் தளத்தில் ஆடினால் உங்கள் பிட்டை நீங்களேதான் அலர்ட் செய்து விளக்கம் எழுதவேண்டும்.

நீங்கள் டிக்ளேரர் பக்கம், பார்ட்னர் உங்கள் பிட்டுக்குத் தவறான விளக்கம் கொடுத்துவிட்டார் என்றால், பிட்டிங் முடிந்ததும் முதல் லீடுக்கு முன் டைரக்டரை அழைத்துத் திருத்துங்கள். டிஃபெண்டர் பக்கம் என்றால் ஆட்டம் முடியும்வரை வாய் திறக்காதீர்கள்.

9. பயிற்சியும் செலவும்

செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சீட்டுக்கட்டு, ஒரு நோட்டு, சிஸ்டம் கார்டை இருவருக்கும் தனித்தனிப் பிரதியாக எடுக்க ஜெராக்ஸ் கடையில் சில ரூபாய். மன்றத்தில் மேஜைக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பயிற்சிக்குப் பூங்காவில் சீட்டுக்கட்டை விரித்து உட்காராதீர்கள். நம் ஊரில் சீட்டு என்றாலே காசு வைத்து ஆடுவது என்றுதான் நினைப்பார்கள், கூட்டம் கூடும், போலீஸும் வந்து விசாரிக்கும். வீட்டில் செய்யுங்கள், இல்லாவிட்டால் போனில் செய்யுங்கள். கட்டிலிருந்து 2 முதல் 6 வரை உள்ள பொடிச் சீட்டுகளில் பலவற்றை எதிராளிகளுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் உங்கள் இருவருக்கும் 13, 13 போட்டால் பெரிய கைகளாகவே வரும். ஆளுக்கு ஒரு கையை எழுதிக்கொண்டு வாட்ஸ்அப்பில் ஒரு பிட், ஒரு பிட்டாக அனுப்புங்கள். முடிந்ததும் இரண்டு கையையும் காட்டி, எந்த பிட்டில் எந்த சூட் மறுக்கப்பட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பாருங்கள். நாளைக்கு நாலு கை போதும். இரண்டு மூன்று மாதத்தில் தாண்டிப்போன சூட் தானாகக் காதில் விழும்.

சென்னைப் போட்டிக்கு இருவரும் சேர்ந்து போவதாக இருந்தால் பகல் வண்டியான வைகையில் போங்கள். ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது, ஒப்பந்தத் தாளை இரண்டு முறை கேள்வி பதிலாகப் படித்துவிடலாம். திருச்சி வருவதற்குள் 4 கிளப்ஸ் வரியையும் டபிள் வரியையும் முடித்துக்கொள்ளுங்கள், மீதி நேரத்துக்குக் கைகளை வையுங்கள். சிஸ்டம் கார்டில் கடைசி நேரத்தில் எதை மாற்றினாலும் இரண்டு பிரதியிலும் மாற்றுங்கள்.